அன்று கையில் பட்டது பந்தா, காற்றா?

போன மாதம் மதுரையிலிருந்து பூல் விளையாடும் பெண்பிள்ளைகள் ஒரு வேன் பிடித்துக் கொடைக்கானலுக்கு வந்திருந்தார்கள். நான் ஓட்டல் வேலையை விட்டுவிட்டேன் என்று கேள்விப்பட்டு விலாசம் விசாரித்து வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அதில் துடுக்கான ஒருத்தி, கையில் டீ டம்ளரை வாங்குவதற்கு முன்பே கேட்டாள்.

"அக்கா, ஸ்டேட் ஃபைனல்ல நீங்களே கையத் தூக்கி ஃபவுல் சொல்லித் தோத்தீங்களாமே, நெசமா?"

"நெசந்தான்."

"பந்து கையில பட்டுச்சாக்கா?"

"அது தெரியலையே தாயி" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் அடக்கத்தில் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள் போல. "இப்பல்லாம் ஃபோன்ல எடுத்து, திருப்பிப் போட்டுப் பாத்துருவோம்க்கா. ஒரு செகண்டுல தெரிஞ்சிரும்" என்றாள் அவள். அடி போடி, எனக்கு இதில் பாதி ஆயுசு போயிருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவர்கள் போன பிறகும் அந்தக் கேள்வி வீட்டிலேயே உட்கார்ந்திருந்தது. எழுதிப் பார்த்தாலாவது தெளியுமா என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். தெளியும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

என் ஊர் பேத்துப்பாறை. அப்பாவுக்குப் பூண்டு விவசாயம். "மக என்ன சோலி பாக்குறா?" என்று யாராவது கேட்டால், "ஓட்டல்ல குச்சி வச்சுப் பந்து தட்டுறா" என்பார். அதற்குச் சம்பளமும் தருகிறார்கள் என்று சொன்னால் ஊரில் யாரும் நம்பவில்லை. முதல் இரண்டு வருஷம் நானே நம்பவில்லை. கொடைக்கானலில் ஏரிக்கு மேலே இருக்கும் ஒரு பழைய ஓட்டலில், விளையாட்டு அறையைப் பெருக்கித் துடைக்கத்தான் என்னைச் சேர்த்தார்கள். அங்கே பச்சைத் துணி போர்த்திய பூல் மேசை ஒன்று. ஆறு குழி, நம்பர் போட்ட பதினைந்து பந்து, அடிக்க ஒரு வெள்ளைப் பந்து. எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று கேட்டால் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. துடைக்கப் போனேன், ஒரு பந்தைத் தட்டினேன், குழியில் விழுந்தது. இன்னொன்றைத் தட்டினேன், அதுவும் விழுந்தது. அதை ஜெசிந்தா மிஸ் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நல்லாயிருக்கு என்றும் சொல்லவில்லை, ஏன் தொட்டாய் என்றும் கேட்கவில்லை. "நாளைக்கு ஷூ போட்டுட்டு வா" என்றார். அவ்வளவுதான் என் பயிற்சி வகுப்பின் திறப்பு விழா.

ஜெசிந்தா மிஸ் அந்த அறையின் பொறுப்பாளர். அதற்கு முன் கான்வென்டில் விளையாட்டு டீச்சராக இருந்தவர். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. அதன் பையில் எந்நேரமும் ஒரு விசில். அந்த விசிலை அவர் ஊதி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் குரல் தாழும். ரொம்பக் கோபம் வந்தால் சுத்தமாகக் கேட்காது. அப்போது நாம்தான் பக்கத்தில் போய்க் காது கொடுத்துத் திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

மலைமேல் பூல் மேசையைப் பராமரிப்பது ஒரு தனிக் கூத்து. சன்னலைத் திறந்தால் மூடுபனி உள்ளே வந்து மேசைமேல் படுத்துக்கொள்ளும். துணி ஈரம் குடித்துப் பந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் வெள்ளனே வந்து கணப்பு மூட்டி, அறை சூடேறிய பிறகு துணியை ஒரே திசையில் பிரஷ் போட்டு, அதே திசையில் மிதமான சூட்டில் இஸ்திரி போட வேண்டும். திருப்பிப் போட்டால் பந்து கோணிக்கொண்டு போகும். எவ்வளவு செய்தாலும் மத்தியானத்துக்குள் ஈரம் திரும்ப வந்துவிடும். இங்கே பந்தை லேசாகத் தொட்டால் அது நகராது. இடத்திலேயே கெடக்கும்.

அதனால்தான் எங்கள் அறையில் ஒரு பழக்கம் வந்தது. இங்கே எல்லோரும் ஸ்வெட்டர் போட்டுத்தான் விளையாடுவோம். குனிந்து கையை நீட்டும்போது கம்பளிக் கை ஏதாவது ஒரு பந்தில் உரசும். கை, சட்டை, முடி, எது பந்தில் பட்டாலும் ஃபவுல். ஆனால் பந்துதான் நகராதே, எதிராளிக்கு எப்படித் தெரியும்? உரசியவருக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே ஜெசிந்தா மிஸ் வைத்த சட்டம்: உரசின மாதிரி தோன்றிய உடனே கையைத் தூக்கிவிட வேண்டும். "ஃபர்ஸ்ட் ஹேண்ட், முத்து. மூளையெல்லாம் ஆஃப்டர்வர்ட்ஸ்" என்பார். யோசிக்க ஆரம்பித்தால் மூளை நமக்குச் சாதகமாகத்தான் யோசிக்கும் என்பது அவர் கட்சி. அவரே விருந்தாளிகளோடு விளையாடும்போது, யாருக்கும் ஒன்றும் தெரியாத நேரத்தில் சட்டென்று கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். பார்ப்பவர்கள், பாவம், இந்த அம்மா பாத்ரூம் போக அனுமதி கேட்கிறார் என்று நினைப்பார்கள். எனக்கும் கை தானாக மேலே போகப் பழகிவிட்டது. வீட்டில் சோறு பரிமாறும்போது கரண்டி இடித்தால்கூடக் கையைத் தூக்குகிறேன் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கேலி பண்ணுகிறார்.

அப்புறம் மாநிலப் போட்டி. நான் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டேன். அது மதுரையில், கோடை வெயிலில் நடந்தது. அதில் முதலாவதாக வருகிறவளுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் வேலை கிடைக்கும் என்று பேச்சு. பேச்சுதான் என்று நான் அப்பாவிடம் எத்தனையோ தடவை சொன்னேன். அவர் காதில் வேலை என்ற சொல் மட்டும்தான் விழுந்தது. நான் பஸ் ஏறுவதற்குள் பேத்துப்பாறை முழுக்கச் சொல்லிவிட்டார். "எம்மக ஃபேனுக்கடியில உக்காந்து கையெழுத்துப் போடப் போறா" என்று. அந்த ஃபேன்தான் எனக்கு வினையாகப் போகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்!

எதிரே விளையாடியவள் பெயர் கலைவாணி. செல்லூர்ப் பெண், என் வயசு. அவள் வீட்டிலும் நிலைமை எங்கள் வீடு மாதிரிதான் என்பது அவள் செருப்பைப் பார்த்தாலே தெரிந்தது. பழக்கதோஷத்தில் அங்கேயும் ஸ்வெட்டரோடு விளையாடியதில், புழுக்கத்தில் எனக்கு மயக்கமே வந்தது. ஜெசிந்தா மிஸ் வந்து, "ஸ்வெட்டரைக் கழட்டு, மடச்சி" என்றார். கழற்றினேன். அரைக்கைச் சுடிதார். வெறுங்கையோடு ஒரு மேசைமேல் குனிவது அன்றைக்குத்தான் எனக்கு முதல் தடவை.

கடைசி ஆட்டம். ஆளுக்கு ஏழு பந்து. அந்த ஏழையும் போட்டுவிட்டு, எட்டாம் நம்பர் கறுப்புப் பந்தைப் போடுகிறவர்தான் ஜெயித்தவர். நான் என் ஏழையும் போட்டுவிட்டேன். கறுப்பு, மூலைக் குழியின் வாயில் உட்கார்ந்திருந்தது. சின்னப் பிள்ளை அடித்தாலும் விழும். ஆனால் வெள்ளைப் பந்துக்கு இந்தப் பக்கம் கலைவாணியின் மஞ்சள் பந்து ஒன்று கெடந்தது. அதன் மேலாக இடது கையை நீட்டித்தான் குச்சிக்கு அணை கொடுக்க வேண்டும். பார்வையாளர்கள் பக்கத்தில், தலையைத் திருப்பித் திருப்பிச் சுழலும் ஸ்டாண்டு ஃபேன் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நான் குனிந்தேன். கையை நீட்டினேன். குச்சியைப் பின்னால் இழுத்தேன். முழங்கைக்குக் கீழே, தோலில், ஏதோ தொட்டது.

என் கை மேலே போய்விட்டது.

நடுவர் எதிர்ப் பக்கம் நின்றிருந்தார். "என்னம்மா?" என்றார். "ஃபவுல்" என்றேன். "பந்து பட்டுச்சா? நான் பார்க்கலையே" என்றார். கலைவாணியிடம் திரும்பி, "நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார். அவள் நாற்காலியில் இருந்தபடியே, "நான் கவனிக்கல சார்" என்றாள். நடுவர் மறுபடி என்னைப் பார்த்தார். அந்த மனுஷன் எனக்கு ஒரு வாசல் திறந்து வைத்தார், இப்போது புரிகிறது. எனக்கு அப்போது என் கை மேலே இருப்பது மட்டும்தான் தெரிந்தது. தூக்கிய கையை எப்படி இறக்குவது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஃபவுல் என்று எழுதிக்கொண்டார். வெள்ளைப் பந்தை இஷ்டப்பட்ட இடத்தில் வைத்துக்கொள்ளும் உரிமை கலைவாணிக்குப் போனது. அவள் மிச்சமிருந்த பந்துகளைப் போட்டாள், கறுப்பையும் போட்டாள். கைகுலுக்கும்போது அவள் கை ஐஸ் மாதிரி இருந்தது. அந்த வெக்கையில்!

நான் நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்தேன். ஃபேன் தலையைத் திருப்பி என் பக்கம் வந்தது. இடது கையில், அதே இடத்தில், காற்று தொட்டது.

அய்யோ என்றிருந்தது. எங்கள் மலையில் வீட்டுக்கு வீடு ஃபேன் ஏது? வத்தலக்குண்டு ஓட்டலில் தலைக்கு மேலே சுற்றுவதைப் பார்த்திருக்கிறேன். நின்று நின்று வந்து, வெறுந்தோலில் பட்டென்று உரசிவிட்டுப் போகும் காற்றை நான் அதற்கு முன்னால் வாங்கியதே இல்லை. அப்படியானால் என்னைத் தொட்டது பந்தா, இந்தக் காற்றா? சத்தியமாகத் தெரியவில்லை.

திரும்பும் பஸ் வத்தலக்குண்டில் நின்றதும் ஜெசிந்தா மிஸ் கேட்டார்.

"பட்டுச்சா?"

"தெரியல மிஸ்."

"தெரியலன்னா ஏன் கையத் தூக்குன?"

"நீங்கதான மிஸ் மூளையெல்லாம் அப்புறம்னு சொன்னீங்க."

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மலை ஏறி, பெருமாள்மலை வந்ததும், "கையத் தூக்குனது கரெக்ட்" என்றார். கொடைக்கானல் ஸ்டாண்டில் இறங்கும்போது, "பட்…" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். அந்த இங்கிலீஷ் 'பட்'டுக்கு அப்புறம் என்ன என்று அவர் சாகும்வரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அப்பாதான் பிடித்துக்கொண்டார். "ஏத்தா, கையில காத்துப் படுறதுக்கும் ஒரு உருண்ட படுறதுக்கும் வித்தியாசம் தெரியாமயா போவும்? பூண்டுக் காட்டுல நிக்கையில எம்மேல பூச்சி ஊருதா காத்தடிக்குதான்னு எனக்குத் தெரியாதா?" என்றார். எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. "ஒங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியல, விடுங்கப்பா" என்று கத்தினேன். அவர் அதற்கப்புறம் ஊரில் என் வேலையைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார். அந்த வருஷமே கலைவாணிக்குச் சர்க்கார் வேலை கிடைத்துவிட்டது. பேச்சு பேச்சாகவே போயிருந்தால் எனக்கு இத்தனை வருத்தம் இருந்திருக்காது.

எனக்குக் கிடைத்தது வித்தை காட்டும் வேலை. சீசனுக்கு வரும் விருந்தாளிகளுக்குச் சாயங்காலம் தோறும் தந்திர ஆட்டம். ஒரே அடியில் ஆறு பந்து ஆறு குழிக்குள் போகும். டீ டம்ளரைத் தாண்டிப் பந்து குதிக்கும். என் வீட்டுக்காரர் மேசை விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு, குச்சி நுனியில் தேய்க்கும் நீலச் சாக் கட்டியை உதட்டில் கவ்வியிருப்பார். பந்து எகிறி வந்து அதை மட்டும் தட்டிவிட்டுப் போகும். பெருமாள்மலையில் ஜீப் ஓட்டுகிற மனுஷன், கொண்டை ஊசி வளைவில் ஒரு கையால் ஸ்டியரிங் பிடிப்பவர், அந்த நேரத்தில் மட்டும் முருகா முருகா என்பார். வாயில் சாக்கோடு.

இதில் எனக்குப் புரியாத ஒன்று உண்டு. தந்திர ஆட்டத்தில் ஃபவுல் கிடையாது. பந்தைக் கையால் எடுத்து வைக்கிறோம். வைத்த பந்தை மேலிருந்து இன்னொரு பந்தால் மெல்லத் தட்டி, துணியில் சின்னப் பள்ளம் விழவைத்து, இம்மியும் அசையாமல் உட்காரவைக்கிறோம். தொட்டுத் தொட்டுத்தான் தொழிலே. பந்து கையில் பட்டதோ என்னவோ என்ற சந்தேகத்தில் ஒரு வாழ்க்கை போயிற்று. நாள் முழுக்கப் பந்தைத் தொட்டுக்கொண்டே இன்னொரு வாழ்க்கை நடந்தது. எது என் தொழில் என்று கேட்டால் நான் விழிப்பேன். ஆனால் கைதட்டல் பிடித்திருந்தது. அதில் சந்தேகமே இல்லை.

அந்தச் சந்தேகம் மட்டும் சும்மா இருக்காது. ஒரு தடவை சமவெளியிலிருந்து வந்த ஆட்டக்காரர் ஒருவர், "எங்க ஊர் மேசை காஞ்சு கெடக்கும்மா, லேசா ஒரசுனாலே பந்து ஓடிரும். மஞ்சள் ஓடலைல்ல? அப்ப படல" என்று அடித்துச் சொன்னார். அப்படியானால் காற்றுதான், வேலையைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டேன் என்று ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அப்புறம் ஒருநாள் பந்தைத் தட்டிப் பள்ளத்தில் உட்காரவைக்கும்போது உறைத்தது: அந்த மதுரை மேசையும் அடி வாங்கிய மேசைதானே, மஞ்சள் பந்து ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருந்தால்? பட்டும் நகராமல் இருந்திருக்குமே! மறுபடி முதலிலிருந்து ஆரம்பம்.

இந்த வருஷம் ஓட்டலை வாங்கியவர்கள் பூல் மேசையை எடுத்துவிட்டு, கண்ணில் பெட்டி மாட்டிக்கொண்டு விளையாடும் கருவிகளை வைக்கப் போவதாகச் சொன்னார்கள். எனக்கும் தோள்பட்டை வலி. சரி, போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம், நான் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, மூக்குக்கண்ணாடி போட்ட அம்மா ஒருத்தி உள்ளே வந்தாள். சால்வையைச் சுற்றிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"முத்துலட்சுமிதானே?"

கண்ணாடியைக் கழற்றினாள். கலைவாணி!

குடும்பத்தோடு சுற்றிப் பார்க்க வந்தவள், வெளியே ஒட்டியிருந்த என் படத்தைப் பார்த்திருக்கிறாள். நான் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தேன். நலம் விசாரித்தோம். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், மூட்டுவலி எல்லாம் பேசியாயிற்று. ஆபீஸிலிருந்து அவளும் போன வருஷம் விருப்ப ஓய்வு வாங்கிவிட்டாளாம். எனக்கு வாய் நமநம என்றது. இத்தனை வருஷம் கழித்து நேரில் பார்த்த ஒருத்தி கிடைத்திருக்கிறாள், கேட்டுவிடலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் அவள் கேட்டாள்.

"முத்து, அன்னைக்கு ஒங்கையில பந்து பட்டுச்சா?"

"அடிப்பாவி, நானே ஒன்னியக் கேக்கணும்னு இருந்தேன்."

"ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாதுடி. ஃபேன் காத்தா இருக்குமோன்னு…"

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "நீ சொன்னதால பட்டிருக்கும்னு இத்தன வருசமா மனசத் தேத்திக்கிட்டு இருந்தேன். கவனிக்கலன்னு நடுவர்ட்ட சொன்னேன்ல, கவனிச்சேனா, கவனிக்காத மாதிரி இருந்தேனா, அதுவே இப்ப ஞாபகமில்ல. பட்டிருந்தா அது என் வேல. படலன்னா ஒன் வேலையில ஒக்காந்து நான் சம்பளம் வாங்கியிருக்கேன். எம்புள்ளைங்க படிச்சது அதுலதான். ஆபீஸுல ஃபேனப் போடும்போதெல்லாம்…" என்று சொல்லிவிட்டு அழுதாள். ஃபேனைப் பற்றி அவளுக்கு எப்படித் தோன்றியது என்று நான் கேட்கவில்லை.

அவளைத் தேற்றவா, என்னைத் தேற்றிக்கொள்ளவா? கடைசியில் எழுந்துபோய் மஞ்சள் பந்தை எடுத்து மேசையில் வைத்தேன். ஸ்வெட்டரைக் கழற்றினேன். குளிர் சுரீர் என்று ஏறியது. "ஏடி கலை, எந்திரி. பாத்துருவோம்" என்றேன்.

சாப்பாட்டு அறையிலிருந்து மெனு அட்டை ஒன்றைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன். நான் குனிந்து, பந்துக்கு மேலே கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்வேன். அவள் அட்டையால் ஒரு விசிறு விசிறலாம், இல்லை பந்தை எடுத்துக் கையில் லேசாகத் தொட வைக்கலாம். எது என்று நான் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லிவிட்டால் என் தோலுக்கு வித்தியாசம் தெரிகிறது என்று அர்த்தம். அப்படியானால் அன்றைக்குத் தொட்டதும் பந்துதான்.

மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் முழங்கைக்குக் கீழே ஏதோ தொட்டது.

"பந்து" என்றேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு கலைவாணி மெதுவாக, "பந்துதான், முத்து" என்றாள்.

கண்ணைத் திறந்தேன். பந்து இடத்திலேயே இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் லேசானது. சிரித்தேன், அவளும் சிரித்தாள், இரண்டு கிழவிகளும் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அப்பா இருந்திருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன். ஃபவுல்தான், விதிப்படி போன வேலை, என் கை பொய் சொல்லவில்லை.

"எனக்கும் ஒருவாட்டி பண்ணிப் பாரு" என்றாள் கலைவாணி. "ஒனக்கெதுக்குடி?" என்றேன். "பந்து பட்டா எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கிட்டாத்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வரும்" என்றாள். சால்வையை விலக்கி, என்னைப்போலவே குனிந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

நான் மெனு அட்டையை எடுத்து, அவள் கைக்கு மேல் ஒரே ஒரு விசிறு விசிறினேன்.

"பந்து!" என்றாள். முகமெல்லாம் அப்படி ஒரு வெளிச்சம்.

நான் பேசாமல் நின்றேன். மஞ்சள் பந்து தொடப்படாமல் கிடந்தது. அட்டையைச் சத்தமில்லாமல் பின்னால் வைத்துவிட்டு, மெதுவாக, "பந்துதான், கலை" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெளியே அவள் மகன் ஹாரன் அடித்தான். இருட்டுக்குள் மலை இறங்க வேண்டும், வெரசா வாங்க என்று கத்தினான். என்னைக் கட்டிக்கொண்டு, போய்வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினாள். கார் பனிக்குள் போகும்வரை வாசலில் நின்று கையாட்டினேன்.

உள்ளே வந்து ஸ்வெட்டரை மாட்டும்போதுதான் உறைத்தது. சத்தமில்லாத அந்த ஒரு நொடியும், அதன் பிறகு வந்த அந்த மெதுவான குரலும். நான் அவளுக்குச் சொன்ன அதே குரலில்தான் அவளும் எனக்குச் சொல்லியிருந்தாள்.